வைரஸின் பிறப்பைத் தேட மூன்று இலவசத் தளங்கள்: நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன், வைரஸ்டோட்டல், மால்வேர் மியூசியம்

"இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது?" உடம்புக்கு வரும் வைரஸைப் பற்றியும் இதைத்தான் கேட்கிறோம், கணினிக்கு வரும் வைரஸைப் பற்றியும் இதைத்தான் கேட்கிறோம். பதில் தேட ஆய்வகங்கள் பயன்படுத்தும் கருவிகள் இப்போது பிரவுசர் வைத்திருக்கும் எவருக்கும் கிடைக்கின்றன. உயிரி வைரஸ்களுக்கு நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன். கணினி வைரஸ்களுக்கு வைரஸ்டோட்டல். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து வைரஸ்களை ஓடவிட்டுப் பார்க்க, இன்டர்நெட் ஆர்க்கைவில் உள்ள மால்வேர் மியூசியம். மூன்றையும் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தத் தளங்களில் ஏதாவது ஒரு தேதி கண்ணில் படும். அதைப் பிறந்த தேதி என்று எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன. அது முதன்முதலில் யாராவது பார்த்த தேதியாக இருக்கலாம், கணக்குப் போட்டுச் சொன்ன தேதியாக இருக்கலாம், வேண்டுமென்றே எழுதிவைத்த பொய்த் தேதியாகவும் இருக்கலாம். எது எந்த வகை என்பதைத் தளம் எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதே இந்த மதிப்பீட்டின் அளவுகோல்.

பிறப்பு என்பதற்கே இரண்டு இடங்களிலும் வேறு வேறு பொருள். கணினி வைரஸை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதினார், அதற்கு ஒரு நாள் உண்டு. உயிரி வைரஸுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. வேறொரு விலங்கில் ஓடிக்கொண்டிருந்த வம்சம் மனிதருக்குத் தாவியதைத்தான் பிறப்பு என்கிறோம். அந்தத் தாவல் பல முறையும் நடக்கலாம். எச்.ஐ.வி-1 வைரஸின் எம், என், ஓ, பி என்ற நான்கு குழுக்களும் குரங்கினங்களிலிருந்து மனிதருக்கு வந்த தனித்தனித் தாவல்கள். அவற்றில் எம் குழு மட்டுமே உலகெங்கும் பரவியது.

நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன்

2015இல் இன்ஃப்ளுயென்சாவை மட்டும் பின்தொடரும் நெக்ஸ்ட்ஃப்ளூ என்ற தளமாகத் தொடங்கியது. சியாட்டிலில் ட்ரெவர் பெட்ஃபோர்டும் பாசலில் ரிச்சர்ட் நெஹரும் தத்தம் குழுக்களுடன் உருவாக்கியது. 2017இல் ஓப்பன் சயன்ஸ் பரிசு பெற்றது. நிரல் முழுவதும் திறந்த மூலம். இன்று சார்ஸ்-கோவ்-2 (கோவிட் வைரஸ்), பருவக் காய்ச்சல், பறவைக் காய்ச்சல், டெங்கு, எம்பாக்ஸ், எபோலா, ஜிகா, தட்டம்மை எனப் பல வைரஸ்களின் வம்சமரங்கள் இதில் இருக்கின்றன.

திறந்தவுடன் ஒரு பக்கம் மரம், மறுபக்கம் உலக வரைபடம், கீழே மரபணுத்தொடரின் எந்த இடத்தில் எவ்வளவு மாற்றம் என்று காட்டும் பட்டை. மரத்தின் நுனியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு நோயாளியிடமிருந்தோ விலங்கிடமிருந்தோ எடுத்த உண்மையான மாதிரி. உள்ளே கிளைகள் பிரியும் முடிச்சுகள் அப்படியல்ல. அவற்றை யாரும் ஊசியில் எடுக்கவில்லை, எல்லாம் கணிப்பு. இந்த வித்தியாசம் மனதில் பதிந்தால்தான் தளத்தைச் சரியாகப் படிக்க முடியும்.

டெங்குவை எடுத்துப் பார்க்கலாம். நான்கு வகையையும் சேர்த்துக் காட்டும் மரத்தில் தொடங்காதீர்கள். நான்கும் பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் அந்த மரத்தில் அண்மைக்கால வரலாறு நுனியில் நசுங்கிப்போகும். ஒரு வகையை மட்டும் தேர்ந்தெடுங்கள். அடுத்து, முழு மரபணுத்தொடர் மரமா, ஈ (E, வைரஸின் உறைப் புரதம்) மரபணு மரமா என்று பாருங்கள். டெங்குவின் முழுத்தொடர் சுமார் 10,700 மரபணு எழுத்துகள் (தொடரின் அடிப்படை அலகுகள்). ஈ மரபணு அதில் சுமார் 1,500 மட்டுமே. பல நாடுகள் ஈ மரபணுவை மட்டும் படித்துப் பதிவிட்டிருப்பதால் அந்த மரத்தில் கூடுதல் மாதிரிகள் கிடைக்கும், ஆனால் நெருங்கிய கிளைகளைப் பிரித்துச் சொல்லும் திறன் குறையும். எந்த நாடுகள் கணக்கில் வருகின்றன என்று அறிய ஈ மரபணு மரம், எந்தக் கிளை எதிலிருந்து பிரிந்தது என்று அறிய முழுத்தொடர் மரம்.

பிறகு இடப்பக்கப் பட்டியில் 'கலர் பை' என்பதை நாடு அல்லது பிரதேசம் என்று மாற்றுங்கள். 'பிராஞ்ச் லெங்த்' நேரத்தில் இருக்கட்டும். 'ஷோ கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்ஸ்' என்ற பொத்தானை இயக்குங்கள். இதை இயக்காமல் மரத்தைப் பார்ப்பதில் பயனில்லை என்றே சொல்வோம். அதுவரை கூர்மையான புள்ளியாகத் தெரிந்த ஒவ்வொரு முடிச்சும் இப்போது ஒரு பட்டையாக நீளும். சில இடங்களில் சில வாரங்கள், சில இடங்களில் பல ஆண்டுகள். கிளையின் மேல் சுட்டியை வைத்தால் கணித்த தேதியும் அதன் வீச்சும் எழுத்தில் வரும். முடிச்சுக்கு நாடு எவ்வளவு உறுதியாகக் கணிக்கப்பட்டது என்பதும் சதவீதத்தில் தெரியும். இந்த நேர்மைக்காகவே நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்னை மூன்றில் முதலிடத்தில் வைக்கலாம். குறை என்னவென்றால், அந்தப் பொத்தான் தானாக இயங்குவதில்லை. தேடி இயக்குபவருக்கு மட்டுமே ஐயம் தெரிகிறது.

வரைபடத்தில் நாடு விட்டு நாடு பறக்கும் கோடுகள்தான் அதிகம் பகிரப்படுபவை, அதிகம் தவறாகப் படிக்கப்படுபவையும் அவைதான். பின்னணியில் ஓடும் கணக்கு, நாடு என்பதை ஒரு மரபணு எழுத்தைப் போலப் பாவித்து, அது எந்த முடிச்சில் மாறியது என்று ஊகிக்கிறது. நிறைய மாதிரிகளின் தொடரைப் படிக்கும் நாடு எல்லாவற்றுக்கும் தாய்நாடு போலத் தெரியும். மாதிரியே படிக்காத நாடு மரத்தில் இருக்காது, அதன் வழியாக வந்த வைரஸ் நேராகப் பறந்து வந்ததுபோல் கோடு விழும். 2020 மார்ச்சில் ஜெர்மனியின் பவேரியாவில் இருந்த சிறு கோவிட் தொற்றுக்கூட்டமே இத்தாலியின் லொம்பார்டிப் பரவலுக்கு விதை என்ற கருத்து நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்னின் கோவிட் மரத்தை வைத்துத்தான் எழுந்தது. பின்னர் அதே ஆண்டில் பரிணாம உயிரியலாளர் மைக்கேல் வொரோபி குழுவின் ஆய்வு, சீனாவிலிருந்து தனியாக நுழைந்திருப்பதே கூடுதல் பொருத்தம் என்று காட்டியது. நடுவில் இருந்த மாதிரிகள் இல்லாததால் தொலைவில் இருந்தவர்கள் அடுத்தடுத்து நின்றார்கள்.

இதற்கு அடிப்படைக் காரணம் வேகம். சார்ஸ்-கோவ்-2 தொடரின் நீளம் 29,903 எழுத்துகள். ஒரு பரவல் வழியில் மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துகள் மாறும். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்ற ஆகும் நேரமோ சில நாட்கள். ஆகவே அடுத்தடுத்து தொற்றிய பலரிடம் எழுத்துக்கு எழுத்து ஒரே தொடர் இருக்கும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை மரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தெருவுக்குத் தெரு, வார்டுக்கு வார்டு தொற்றின் வழியைத் தேடுபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும்.

முதலில் படித்த மாதிரிதான் மூதாதை என்பதும் இல்லை. உலகமே ஒப்பிடப் பயன்படுத்தும் வூஹான்-ஹூ-1 தொடர் 2020 ஜனவரியில் வெளியானது, இந்த வைரஸின் ஏ, பி என்ற இரண்டு தொடக்க வம்சங்களில் அது பி வம்சத்தைச் சேர்ந்தது. ஏ வம்சம் அதிலிருந்து 8782, 28144 என்ற இரண்டு இடங்களில் வேறுபடுகிறது. அந்த இரண்டு இடங்களிலும் வௌவால் உறவு வைரஸ்களில் உள்ள எழுத்து ஏ வம்சத்தில்தான் இருக்கிறது. முதலில் கிடைத்த மாதிரிகள் பி, மூதாதையின் சாயல் ஏ. மரத்தின் வேரை எங்கே நடுவது என்பதே விவாதத்துக்குரிய முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்னில் 19ஏ என்பது பி வம்சம், 19பி என்பது ஏ வம்சம். பெயர்கள் தலைகீழாக இருப்பதால் புதியவர்கள் இங்கே கட்டாயம் குழம்புவார்கள், தளத்தில் இதைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

வேருக்குக் கீழே என்ன என்று கேட்டால் இந்த மரம் நின்றுவிடும். யுன்னான் வௌவாலில் 2013இல் எடுத்த ஆர்ஏடிஜி13 என்ற வைரஸ் சார்ஸ்-கோவ்-2ஐச் சுமார் 96.2% ஒத்திருக்கிறது, லாவோஸ் வௌவாலில் கிடைத்து 2021இல் வெளியான பனால்-52 சுமார் 96.8% ஒத்திருக்கிறது. கேட்க நெருக்கமாக இருக்கும். 3.2% என்பது ஏறக்குறைய 950 எழுத்துகள், பல பத்தாண்டுகளின் இடைவெளி. தவிர, கொரோனா வைரஸ்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்பவை. தொடரின் ஒரு பகுதிக்கு ஒரு மூதாதை, இன்னொரு பகுதிக்கு வேறொரு மூதாதை. ஒரே மரத்தில் அதை வரையவே முடியாது. கோவிட் விலங்குச் சந்தையிலிருந்து வந்ததா, வேறு வழியிலா என்ற சண்டைக்கு நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்னின் படம் ஒன்றை மட்டும் சாட்சிக்கு அழைப்பவர்களை நம்ப வேண்டாம். அது அந்தக் கேள்விக்காகச் செய்யப்பட்ட கருவி இல்லை.

இன்ஃப்ளுயென்சாவில் இந்தச் சிக்கல் இன்னும் வெளிப்படை. அதன் மரபணுத்தொகுதி எட்டுத் துண்டுகள். 2009இல் பரவிய பன்றிக் காய்ச்சல் வைரஸான எச்1என்1இல் என்ஏ, எம் ஆகிய இரண்டு துண்டுகள் யூரேசியப் பன்றி வம்சத்திலிருந்து வந்தவை, மற்ற ஆறும் வட அமெரிக்கப் பன்றிகளில் ஏற்கெனவே கலந்து ஓடிய வம்சத்திலிருந்து வந்தவை. அந்த ஆறில் ஒன்றான எச்ஏ துண்டின் மரத்தை மட்டும் பார்த்தால் கதையில் ஒரு பாதிதான் தெரியும். நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்னில் இரண்டாவது மரத்தை எதிரெதிரே வைத்து ஒரே மாதிரியைக் கோட்டால் இணைக்கும் வசதி இருக்கிறது. எச்ஏ இடப்பக்கம், என்ஏ வலப்பக்கம் வையுங்கள். கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடங்களில் துண்டு மாற்றம் நடந்திருக்கக் கூடும். இந்தத் தளத்தில் மிகவும் அழகான, ஆனால் குறைவாகப் பயன்படும் வசதி இது.

அடுத்து 'க்ளாக்' லேஅவுட். கிடையாக மாதிரி எடுத்த தேதி, செங்குத்தாக வேரிலிருந்து சேர்ந்த மாற்றங்களின் எண்ணிக்கை, நடுவே ஒரு சாய்கோடு. பெரும்பாலான புள்ளிகள் கோட்டை ஒட்டி நிற்கும். விலகி நிற்பவைதான் பேசும். கோட்டுக்கு வெகு மேலே நிற்பது பெரும்பாலும் படிப்புப் பிழை (தொடரைப் படித்ததில் வந்த பிழை), அல்லது தேதிப் பிழை: நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும், ஜனவரி மாதிரிக்குப் பழைய ஆண்டு எழுதப்பட்டிருக்கும். கீழே நிற்பதும் தேதிப் பிழையாக இருக்கலாம், ஆனால் அங்கேதான் வரலாறும் ஒளிந்திருக்கும். 1977இல் திரும்பி வந்த எச்1என்1, 1950ஐ ஒட்டிய காலத்து வைரஸை அப்படியே ஒத்திருந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளின் மாற்றம் அதில் இல்லை. உறைநிலையில் பாதுகாத்த வைரஸ் மனிதர் கையால் வெளியே வந்தது என்பதே பரவலான விளக்கம். 2021இல் கினியாவில் வந்த எபோலாவும் இப்படித்தான். 2014-16 பரவலின் வைரஸிலிருந்து மிகக் குறைந்த மாற்றங்களே. பிழைத்த ஒருவரின் உடலில் ஆண்டுக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்தது என்ற முடிவுக்கு அதுவே வழிகாட்டியது.

ஆகவே உங்கள் சொந்தத் தரவில் ஆகர் கருவியை (நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன் மரங்களைக் கட்டும் நிரல்) ஓட்டினால், கடிகாரக் கோட்டிலிருந்து விலகியவற்றை நீக்கும் வடிகட்டியை முதல் முறை அணைத்துவிட்டே ஓட்டுங்கள். விலகியவற்றின் பட்டியலைக் கையால் பாருங்கள். பிழையானதை நீக்கிவிட்டு இரண்டாம் முறை வடிகட்டியோடு ஓட்டுங்கள். முதலிலேயே வடிகட்டினால் பிழையோடு சேர்ந்து கண்டுபிடிப்பும் குப்பைக்குப் போகும்.

பழைய மாதிரி ஒன்று சேர்ந்தால் எல்லாக் கணக்கும் நகரும் என்பதையும் மறக்கக் கூடாது. எச்.ஐ.வி-1 எம் குழுவின் பொது மூதாதை 1931ஐ ஒட்டி வாழ்ந்தது என்று 2000இல் கணித்தார்கள். கின்ஷாசாவில் 1960இல் எடுத்துப் பாதுகாத்திருந்த திசுவின் தொடரை 1959 மாதிரியோடு சேர்த்தபோது, 2008இல் அது 1908 என்றும், 1884க்கும் 1924க்கும் இடையே என்றும் பின்னோக்கி நகர்ந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் உறுதியானது 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் தேடியதால் அது அங்கே தெரிந்தது. தேடிய இடத்தில் தெரிந்தது என்பதற்கும் அங்கேதான் நுழைந்தது என்பதற்கும் உள்ள தூரத்தை நம் ஊர் உதாரணமே சொல்கிறது.

இதே குழுவின் நெக்ஸ்ட்க்ளேட் தனித் தளம். கையில் மரபணுத்தொடர் ஃபைல் இருந்தால் இழுத்துப் போடலாம். எந்தக் கிளை, என்னென்ன மாற்றங்கள், தரம் எப்படி என்று சொல்லும். கணக்கு முழுவதும் உங்கள் பிரவுசரிலேயே நடக்கிறது, தொடர் வெளியே போவதில்லை. நோயாளித் தரவைக் கையாளும் ஆய்வகங்களுக்கு இது பெரிய நிம்மதி. தரப் பட்டியலில் இரண்டு குறிகளை முதலில் பாருங்கள். படிக்க முடியாமல் விட்டுப்போன எழுத்துகள் அதிகமென்றால் கிளைப் பெயரை நம்ப வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள் கலந்து தெரிவது அதிகமென்றால், மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டனவா என்று பாருங்கள், அதன்பிறகே இரட்டைத் தொற்று பற்றி யோசியுங்கள். மரத்தில் அண்டை அயல் எவருக்கும் இல்லாத மாற்றங்கள் நெருக்கமாக ஒரே இடத்தில் குவிந்திருந்தால், பெரும்பாலும் அது படிப்புப் பிழைதான்.

வைரஸ்டோட்டல்

ஸ்பெயினின் ஹிஸ்பாசெக் நிறுவனம் 2004இல் தொடங்கியது, 2012இல் கூகுள் வாங்கியது. ஒரு ஃபைலைக் கொடுத்தால் சுமார் 70 ஆன்ட்டிவைரஸ் எஞ்சின்கள் என்ன சொல்கின்றன என்று ஒரே பக்கத்தில் காட்டும். பெரும்பாலோர் அந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வைரஸின் பிறப்பைத் தேடுபவருக்கு வேண்டியது அடுத்த தாவலில் (டேப்) இருக்கிறது.

முதலில் ஒழுங்கு. ஃபைலைப் பதிவேற்றாதீர்கள், அதன் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) மட்டும் தேடுங்கள். விண்டோஸில் கட்டளைச் சாளரம் திறந்து செர்ட்யூட்டில் கருவியின் ஹாஷ்ஃபைல் வசதியில் ஷா-256 என்று கேட்டால் 64 எழுத்து நீளத்தில் கைரேகை வரும். அதைத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஏற்கெனவே எவராவது அனுப்பியிருந்தால் முழு அறிக்கையும் உடனே வரும். வராவிட்டால் மட்டும் யோசித்துப் பதிவேற்றலாம். இங்கே பதிவேறும் ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும், கட்டணக் கணக்கு வைத்திருப்பவர்கள் அதை இறக்கிக்கொள்ளவும் முடியும். வருமான வரிப் படிவம், மருத்துவ அறிக்கை, அலுவலக ஒப்பந்தம் போன்றவை மின்னஞ்சலில் சந்தேகமாக வந்தால், பலர் பதறிப்போய் அப்படியே பதிவேற்றிவிடுகிறார்கள். அது அந்த ஆவணத்தை வெளியே கொடுப்பதற்குச் சமம். இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் நிறுவனத்தை மட்டும் குறிவைத்து எழுதப்பட்ட வைரஸ் என்றால், எழுதியவர் அதன் ஹாஷ் இங்கே தோன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பதிவேற்றினால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அவருக்குச் சேதி போய்விடும்.

பழகிப் பார்க்க உண்மையான வைரஸ் வேண்டாம். ஐகார் சோதனை ஃபைல் இருக்கிறது. 68 பைட், எந்தத் தீங்கும் செய்யாது, ஆன்ட்டிவைரஸ்கள் அதை வைரஸ் என்றே சொல்லுமாறு ஏற்பாடு. அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ள அது போதும்.

'டீட்டெயில்ஸ்' தாவலில் 'ஹிஸ்டரி' என்ற பகுதிக்கு வாருங்கள். உருவான நேரம், வெளியே முதலில் தென்பட்டது, முதலில் அனுப்பப்பட்டது, கடைசியாக அனுப்பப்பட்டது, கடைசியாக ஆராயப்பட்டது எனப் பல தேதிகள் வரிசையாக நிற்கும். வைரஸ்டோட்டலே சாட்சி சொல்லக்கூடியது அனுப்பப்பட்ட, ஆராயப்பட்ட தேதிகளுக்கு மட்டும்தான். முதலில் அனுப்பிய தேதியைப் பிறந்த தேதி என்பது, காதுகுத்தில் எடுத்த படத்தைக் காட்டிப் பிறந்தநாள் சொல்வது போன்றது. அதற்கு முன்பே பிறந்தாயிற்று என்பது மட்டும்தான் உறுதி.

'உருவான நேரம்' என்பது ஃபைலின் தலைப்பகுதியில் உள்ள ஓர் எண். 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கை. பைட்களை நேராகத் திருத்த உதவும் ஹெக்ஸ் எடிட்டரில் அதை யாரும் மாற்றலாம். 2012இல் வெளிச்சத்துக்கு வந்த ஃபிளேம் உளவு நிரலின் ஃபைல்களில் 1992, 1994 என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். பொய் சொல்ல எண்ணாத ஃபைலிலும் இந்த எண் ஏமாற்றும். டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியின் பழைய பதிப்புகளில் செய்த நிரல்களில் 1992 ஜூன் 19 என்றுதான் இருக்கும், ஏனென்றால் நிரலை ஓடும் ஃபைலாக மாற்றும் அதன் கம்பைலர் எப்போதும் அதையே எழுதும். விண்டோஸ் 10 வந்த பிறகு மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஃபைல்களில் நேரத்துக்குப் பதிலாக உள்ளடக்கத்தின் ஹாஷ் ஒன்றை அந்த இடத்தில் வைக்கிறார்கள். அதை நேரமாகப் படித்தால் இன்னும் வராத ஆண்டுகள்கூடத் தெரியும். வைரஸ்டோட்டல் இவை எதையும் குறிப்பிடாமல் எண்ணைத் தேதியாக மாற்றி முதல் வரியில் வைக்கிறது. நம்பகம் குறைந்த தேதி பட்டியலின் தலையில் நிற்பது இந்தத் தளத்தின் மோசமான வடிவமைப்பு முடிவு.

ஆனால் சேமிப்பின் அருமை வேறு எதற்கும் வராது. ஈரானின் அணுத்திட்டத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் 2010இல் பெலாரஸ் நிறுவனம் ஒன்றால் கண்டுபிடிக்கப்பட்டது. 2013இல் பாதுகாப்பு நிறுவனமான சிமான்டெக் அதற்கும் முந்திய 0.5 பதிப்பை அடையாளம் கண்டபோது, அந்த மாதிரி 2007 நவம்பரிலேயே ஒரு பொது ஸ்கேன் சேவைக்கு யாரோ அனுப்பியது என்று தெரிந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் கையில் இருந்தும் அது என்னவென்று எவருக்கும் தெரியவில்லை. 'பூஜ்யம்/70' என்று வரும் அறிக்கையைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு மூன்று எஞ்சின்கள் மட்டும் சிவப்புக் காட்டினால், யூபிஎக்ஸ் போன்ற பேக்கரால் (நிரலைச் சுருக்கிப் பொதியும் கருவி) சுருக்கிய நல்ல நிரலாகவும் இருக்கலாம்.

எஞ்சின்கள் தரும் பெயர்களை வம்சப் பெயராக எடுக்காதீர்கள். 'ஜென்', 'ஹியூர்', 'ஏஜென்ட்' என்று முடியும் பெயர்கள் எந்த உறவையும் சொல்லவில்லை. உறவைத் தேட அதே தாவலில் இம்ப்ஹாஷ், எஸ்எஸ்டீப், டிஎல்எஸ்எச் என்ற வரிகளைப் பாருங்கள். ஷா-256 ஒரு பைட் மாறினாலும் முற்றிலும் மாறிவிடும். இவை அப்படியல்ல. இம்ப்ஹாஷ், நிரல் எந்தெந்த விண்டோஸ் செயல்களை எந்த வரிசையில் அழைக்கிறது என்பதிலிருந்து வருவது. மற்ற இரண்டும் உள்ளடக்கம் ஒத்திருந்தால் தாமும் ஒத்திருக்கும். பேக்கர் போட்ட ஃபைலில் இம்ப்ஹாஷ் பேக்கரின் உறவைத்தான் காட்டும், உள்ளே இருப்பதன் உறவை அல்ல. முதலில் பேக்கரை அவிழ்க்க வேண்டும்.

ஒத்த நிரல் துண்டு வழி பிறப்பைத் தேடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017 மே 12இல் பரவிய வானாக்ரை என்ற பணயத்தொகை கேட்கும் வைரஸ் சாட்சி. பரவிய மூன்றாம் நாள், கூகுள் ஆய்வாளர் நீல் மேத்தா அதே ஆண்டு பிப்ரவரியில் கிடைத்த முந்தைய வானாக்ரை மாதிரியிலும் வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் ஹேக்கர் குழுவின் பழைய நிரலிலும் ஒரே துண்டு இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இது எங்கே பொய்த்துப்போகும் என்பதற்கு 2018 பிப்ரவரியில் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கைத் தாக்கிய ஒலிம்பிக் டெஸ்ட்ராயர். அதன் ரிச் ஹெட்டர் (எந்தக் கம்பைலர் செய்தது என்று காட்டும் பகுதி) லாசரஸின் நிரலோடு அப்படியே பொருந்தியது. பிறகு காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள், அந்தப் பகுதி சொல்லும் கம்பைலருக்கும் உள்ளே இருக்கும் நிரலுக்கும் சம்பந்தமில்லை என்று கண்டு, பழியை வேறு பக்கம் திருப்ப யாரோ ஒட்டவைத்தது என்று நிறுவினார்கள். உயிரி வைரஸ் தன் வம்சத்தைப் பற்றிப் பொய் சொல்ல எண்ணுவதில்லை. கணினி வைரஸ் எண்ணும். இரண்டையும் ஒரே கண்ணால் படிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இலவசக் கணக்கின் எல்லை இங்கேதான் உறைக்கிறது. இம்ப்ஹாஷையும் டிஎல்எஸ்எச்சையும் பார்க்கலாம், ஆனால் அவற்றை வைத்து ஒத்த ஃபைல்களைத் தேட முடியாது. அது கட்டணச் சேவை. யாரா விதி (எந்த மாதிரியான ஃபைல் வேண்டும் என்று விவரிக்கும் விதி) எழுதிப் பழைய சேமிப்பில் தேடுவதும் அப்படியே. உறவின் அடையாளம் கண்முன் இருந்தும் உறவினரைக் கூப்பிட முடியாது. இலவச ஏபிஐ (நிரல் வழியாகக் கேட்கும் வசதி) நிமிடத்துக்கு 4, நாளுக்கு 500 கேள்விகள். கல்லூரிப் பயிற்சிக்குப் போதும், ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலைக்குப் போதாது, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியும் இல்லை.

மால்வேர் மியூசியம்

2016 பிப்ரவரியில், வைரஸ் ஆய்வாளர் மிக்கோ ஹைப்போனென் சேர்த்து வைத்திருந்தவற்றைக் கொண்டு இன்டர்நெட் ஆர்க்கைவில் தொடங்கியது. 80களிலும் 90களிலும் ஓடிய டாஸ் வைரஸ்கள், அழிக்கும் பகுதி நீக்கப்பட்டு, பிரவுசருக்குள் ஓடும் டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர்) காட்சியாக இயங்குகின்றன. கணக்குத் தொடங்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம். படத்தைச் சொடுக்கினால் எமுலேட்டர் இறங்கி ஓடத் தொடங்கும். அசல் வைரஸ் வேண்டும் என்று வேறு தளங்களில் தேடி இறக்காதீர்கள். அங்கே கிடைப்பது பழைய வைரஸின் பெயரில் புதிய வைரஸாக இருக்கும். விசைப்பலகை கேட்கும் வைரஸ்கள் இருப்பதால் கைபேசியில் முழுமையாகப் பார்க்க முடியாது, கணினியில் பாருங்கள்.

பிறப்பைப் பற்றிய தகவல் என்று பார்த்தால் மூன்றில் இதுதான் மிகவும் ஏழை. பக்கங்களில் எழுத்துக் குறிப்பு சொற்பம். எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊரில் முதலில் தெரிந்தது என்று ஒரே ஒழுங்கில் சொல்லியிருந்தால் இது பாடநூலாகவே இருந்திருக்கும். அந்த வரலாறு நன்கு பதிவான வரலாறுதான். தன்னைத்தானே படியெடுக்கும் இயந்திரம் பற்றி ஜான் வான் நியூமன் 1940களின் இறுதியில் விரிவுரை ஆற்றினார். 1971இல் பிபிஎன் நிறுவனத்தில் பாப் தாமஸ் எழுதிய க்ரீப்பர், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் கணினி விட்டுக் கணினி நகர்ந்தது. 1982இல் பள்ளி மாணவர் ரிச் ஸ்க்ரென்டா ஆப்பிள்-2 ஃப்ளாப்பியில் பரவும் எல்க் க்ளோனரை எழுதினார், ஒவ்வொரு 50ஆம் முறை கணினியை எழுப்பும்போதும் அது ஒரு பாட்டைக் காட்டும். 1983இல் ஃப்ரெட் கோயன் ஆய்வுக்காக ஒன்றை எழுதிக் காட்டினார், வைரஸ் என்ற பெயரைப் பரிந்துரைத்தவர் அவருடைய ஆசிரியர் லெனார்ட் அடெல்மன். எது முதல் வைரஸ் என்ற கேள்விக்கு விடை, நகர்வது போதுமா, படியெடுக்க வேண்டுமா, வேறொன்றில் ஒட்ட வேண்டுமா என்பதைப் பொறுத்தது.

ஐபிஎம் பிசி உலகின் முதல் வைரஸ் என்று சொல்லப்படும் பிரெயின் 1986இல் லாகூரில் பிறந்தது. பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி சகோதரர்கள் தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வைரஸுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். 360 கேபி ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் (கணினி எழும்போது முதலில் படிக்கும் பகுதி) தான் உட்கார்ந்துகொண்டு, அசல் பூட் செக்டாரை வேறிடத்துக்கு மாற்றி, அந்த இடத்தைப் பழுதான செக்டார் என்று குறிக்கும். யாராவது பூட் செக்டாரைப் படிக்க முயன்றால் வழிமறித்து, அசலையே எடுத்துக் காட்டும். பிறந்த ஊரையும் ஆண்டையும் தானே சொல்லும் வைரஸ் இது. அப்படியிருந்தும் அமெரிக்காவில் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் அது கவனத்துக்கு வந்தது 1987 அக்டோபரில்தான்.

மியூசியத்தில் முதலில் கேஸ்கேடைத் திறந்து பாருங்கள். திரையில் உள்ள எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து அடியில் குவியும். 1987இல் வந்தது, 1,701 அல்லது 1,704 பைட் நீளம், தன் உடலை மறைகுறியாக்கி மறைத்துக்கொண்ட முதல் வைரஸ்களில் ஒன்று. அடுத்து ஆம்புலன்ஸ், பிறகு கேசினோ. கேசினோ, வட்டின் ஃபைல் அட்டவணையை நினைவகத்துக்கு எடுத்துவிட்டுச் சூதாட அழைக்கும், தோற்றால் அட்டவணை போகும். இங்கே அந்த அழிவு நீக்கப்பட்டிருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் காட்ட விரும்புபவர்கள் கேஸ்கேட், ஆம்புலன்ஸ் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். காஃபிஷாப் போன்ற சிலவற்றில் போதைச் செடிக்கு ஆதரவான வாசகம் வருவதால், வகுப்புக்கு முன்பே ஒருமுறை எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.